அத்தானின் மாடி போர்ஷன்

நான் வேலை பார்ப்பது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். ஊசி குத்தி ரத்தம் எடுப்பது மட்டுமல்ல, சின்னச் சின்ன டப்பாக்களில் ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டுகிற எல்லாவற்றையும் கை நீட்டி வாங்கி வைப்பவளும் நான்தான். எதைப் பார்த்தும் எனக்குக் குமட்டியதில்லை. சாப்பிடும்போதுகூட அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இன்னொரு கவளம் போட்டுக்கொள்வேன். அப்படிப்பட்ட எனக்கு வயிற்றைப் புரட்டுகிற ஒரே ஆள், என் அக்காவைக் கட்டியவர்.

அத்தான் வீட்டுத் தரகர். ஊரில் பாதிப் பேர் அவர் காட்டிய வீட்டில் குடியிருக்கிறார்கள். மீதிப் பேர் அவர் காட்டிய வீட்டை விட்டு ஓடியவர்கள். பருத்த உடம்பு, வெள்ளைச் சட்டை, கழுத்தில் எப்போதும் ஓர் ஈரக் கைக்குட்டை, இடுப்பில் பெரிய சாவிக் கொத்து. பேசிக்கொண்டே கொத்தில் மெலிசான சாவி ஒன்றைத் தேடி எடுத்துப் பல்லிடுக்கைக் குத்துவார். குத்தி எடுத்ததைப் பார்ப்பார். பிறகு அதே சாவியால் அடுத்த வீட்டைத் திறந்து, "வாங்க தங்கச்சி, நம்ம வீடுன்னு நெனச்சுக்கங்க" என்பார். கடைசியில் குடிவருகிறவர்கள் கையில் கொடுப்பதும் அந்தச் சாவியைத்தான். அக்கா வீட்டில் நான் எந்தப் பூட்டையும் தொடுவதில்லை.

அவருக்கு எல்லாமே 'நம்ம'. நம்ம ஓனர், நம்ம மோட்டார், நம்ம குழாய். குடிவந்தவன் போன் செய்து குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொன்னால் மட்டும் அது 'உங்க குழாய்' ஆகிவிடும்.

தொழிலை அவர் சும்மா செய்வதில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆள் வருவதற்கு முன்பே போய் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவைத்து, வாசல் கதவைச் சாத்திவிடுவார். வந்தவர்கள் முன்னால் கதவைத் திறந்ததும் காற்று முகத்தில் வந்து மோதும். "பாத்தீங்களா, நான் வாயத் தொறக்கவே இல்ல, காத்தே பேசுது" என்பார். குளியலறைச் சாக்கடை வாயில் எலுமிச்சைத் தோலைப் போட்டுவைப்பார். சுவரில் ஈரம் ஊறிய இடம் எது என்று அவருக்குத் தெரியும். மற்றவர்கள் அறையைச் சுற்றிப் பார்க்கும்போது அவர் முதுகு சரியாக அந்த இடத்தில் சாய்ந்திருக்கும். அதனால் முன்னால் பார்த்தால் பளிச்சென்று இருக்கும் வெள்ளைச் சட்டை, பின்னால் சுண்ணாம்பும் பாசியுமாக இருக்கும். அந்தக் கறையோடு மல்லுக்கட்டுவது என் அக்காவின் தினசரி வேலை.

இப்பேர்ப்பட்டவருடைய சொந்த வீட்டில் மாடி காலியாகக் கிடந்தது. வீடு அக்கா பேரில்தான். எங்கள் அப்பா கொடுத்த மனையில் அத்தான் கட்டியது. கீழே அவர்கள் இரண்டு பேர். மேலே இரண்டு அறை, ஒரு சமையலறை, வெளியே கொஞ்சம் திறந்த மாடி. மகளுக்கு என்று கட்டினார்கள். அவளோ புருஷனோடு வேறு தேசத்துக்குப் போய் அங்கேயே வீடும் வாங்கிவிட்டாள். நல்ல வெயில் விழும் மாடி. ஜன்னலைத் திறந்துவைத்து ஏமாற்றத் தேவையில்லாத காற்று. வாசல் கேட்டில் 'மாடி போர்ஷன் வாடகைக்கு' என்று ஒரு தகரப் பலகை தொங்கும். தொங்கித் தொங்கி அதன் ஓரமெல்லாம் துருப்பிடித்துவிட்டது. அத்தானுக்குத் திருப்தியாக இனி ஓர் ஆள் பிறந்து வந்தால்தான் உண்டு என்று நினைத்து, நான் அதைப் பற்றி விசாரித்ததே இல்லை.

எங்கள் பரிசோதனை நிலையத்தில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நான் 'ஊசி'. மாடியில் உட்கார்ந்து முடிவுகளில் கையெழுத்துப் போடும் டாக்டர் 'கையெழுத்து'. வாசலில் மேஜை போட்டு ரசீது கொடுப்பவள் 'ரசீது'. என்னைவிடச் சின்னவள், என்னை அக்கா என்பாள். வாயாடி. ஊசிக்குப் பயந்து வாசலோடு திரும்புகிறவர்களைப் பேசியே உள்ளே அனுப்பிவிடுவாள். அவள் புருஷன் கப்பல் வேலைக்கு என்று போனவன், போனவன்தான். பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு மகள். அந்தக் குழந்தைக்குப் பிறந்ததிலிருந்தே மூச்சிரைப்பு.

ரசீது குடியிருந்த வீட்டை இடித்துக் கட்டப்போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அவள் வேலை முடிந்து தினமும் தெருத்தெருவாக அலைந்தாள். புருஷன் எங்கே என்று கேட்பார்கள். இவள் பதில் சொல்வதற்குள் கதவு பாதி மூடியிருக்கும். நான் இருப்பதோ பெண்கள் விடுதியில், ஒரு கட்டில் இடம். அதனால், "எங்க அக்கா வீட்டு மாடி காலியாத்தான் கெடக்கு. எம் பேரச் சொல்லிக் கேளு" என்று அனுப்பிவைத்தேன்.

மறுநாள் வந்து, "குடுத்து வைக்கலக்கா" என்றாள். "என்ன மாடிக்கா அது! எம் பொண்ணு போன ஒடனே ஜன்னல்ல ஏறி உக்காந்துட்டா, எறங்கவே மாட்டேங்கறா. அப்புறம்தான் ஒங்க அக்கா சொல்றாங்க, காலைலதான் யாரோ அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாங்களாம். சொல்லும்போது அவங்க மொகமே வாடிப்போச்சு, பாவம். ஒங்க அத்தான்தான், 'ஒன்ன அப்பிடியே விட்ருவேனா தங்கச்சி'ன்னு வேற வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு. அதையே முடிச்சுட்டேன்."

"அது எப்படி இருக்கு?"

"இருட்டுதான். வாடையும் கொஞ்சம் அடிக்குது. ஆனா ஒண்ணு கண்ணு முன்னாடி கை நழுவிப் போச்சே, இதையும் விட்டுட்டா என்ன பண்றதுன்னு பயந்துட்டேன்."

ரசீது அங்கே குடிபோன மறு வாரம், விடுமுறைக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். கேட்டில் தகரப் பலகை அப்படியே தொங்கியது. கழற்ற மறந்திருப்பார்கள் என்று நினைத்தேன். அக்கா வாளியும் துடைப்பமுமாக மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"மேல குடிவந்தவங்க எப்படிக்கா? சத்தம் கித்தம் போடறாங்களா?"

"யாரு?" என்றாள் அக்கா.

பிறகு வாளியைக் கீழே வைத்தாள், திரும்ப எடுத்தாள், என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போகப் பார்த்தாள். அதற்குள் கேட் திறந்தது. அத்தான் முன்னால் வந்தார்; பின்னால் நடுத்தர வயதில் ஒரு கணவனும் மனைவியும். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு அவர்களை மாடிக்குக் கூட்டிப் போனார்.

அந்த அம்மாள் எந்த மூலையில் அலமாரி வைப்பது, எங்கே கட்டில் போடுவது என்று கணவனிடம் சொல்லிக்கொண்டிருந்தது கீழே எனக்குக் கேட்டது. அத்தான் அவர்களை அவசரப்படுத்தவே இல்லை. ஆசை நன்றாக ஊறட்டும் என்று விட்டிருந்தார். அவர்கள் இறங்கி வந்தபோது அக்கா தண்ணீர் டம்ளரோடு நின்றிருந்தாள்.

"என்னங்க இது, இவங்களுக்கு எதுக்குக் காட்டினீங்க? காலைல அந்த பேங்க்காரர் வந்து அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரே. நீங்க இல்லையேன்னு நான்தான் வாங்கி வச்சேன்."

அத்தான் படாரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "என்கிட்ட ஒரு வார்த்த சொல்ல வேணாமா? இவங்க மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

அக்காவின் முகம் வாடியது. ரசீது சொன்ன அதே வாட்டம். அந்த அம்மாள் அக்காவின் கையைப் பிடித்து, "விடுங்கம்மா, தெரியாம வாங்கிட்டீங்க, ஒங்க மேல என்ன தப்பு?" என்று தேற்றினாள். ஏமாறுகிறவள் ஏமாற்றுகிறவளைத் தேற்றுகிறாள்! அத்தான் குரலைத் தாழ்த்தி, "இன்னொண்ணு இருக்கு. ஆனா அதுக்கும் ஆள் சுத்திக்கிட்டிருக்கு. இப்பவே வந்தீங்கன்னா பாத்துடலாம்" என்று அவர்களைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"இதென்ன கூத்து?" என்று கேட்டேன்.

அக்கா படியில் உட்கார்ந்தாள். "அவரு தொழில்டி அது. நம்ம மாடியப் பாத்துத்தான் ஆள் வருது. இதக் குடுத்துட்டா ஒரு குடும்பம் வரும், அதோட போச்சு. குடுக்காம வச்சிருந்தா ஊரே வரும்னு சொல்வாரு. இங்க ஆசப்பட்டு ஏமாந்தவங்க அடுத்து எதக் காட்டினாலும் ஒடனே முடிச்சுடுவாங்களாம்."

"அப்ப ரசீதுக்கும் இதே நாடகம்தான் போட்டியா? என் பேரச் சொல்லிட்டு வந்தவகிட்ட?"

"நான் என்ன பண்றது? மொதத் தடவ சொல்லிட்டுக் கதவச் சாத்திக்கிட்டு அழுதேன். அப்புறம் பழகிப்போச்சு."

"ஒனக்கு நாறலையாக்கா?"

"மொதல்ல நாறுச்சு" என்றாள் அக்கா.

என் கூடப் பிறந்தவள். குழம்பில் முடி விழுந்தால் சட்டியோடு கொட்டுகிற சுத்தக்காரி. யாரும் குடியேறப்போகாத மாடியைத் தினமும் கூட்டித் துடைத்து, ஜன்னல் கம்பியில் தூசி இல்லாமல் பார்த்துக்கொள்வதும், இறங்கி வந்து முகத்தை வாட வைத்துக்கொள்வதும் அவளுக்கு ஒரே வேலையின் இரண்டு பாதிகளாகிவிட்டன. அவள் நீட்டிய காபியை வாங்காமல் எழுந்து வந்தேன்.

நேராக ரசீதின் புது வீட்டுக்குப் போனேன். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்த ஒற்றை வீடு அது. அந்தக் கட்டடத்துக் கழிவுத் தொட்டியும் இந்த வீட்டுப் படுக்கையறையும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. சுவர் முழுக்கப் பச்சை எண்ணெய்ப் பெயின்ட்டைக் கெட்டியாக அடித்திருந்தார்கள். அது அங்கங்கே கொப்புளம் கட்டியிருந்தது. ஒரு கொப்புளத்தை விரலால் அழுத்தினேன். உடைந்து மஞ்சளாக நீர் வழிந்தது. என்ன நீர் என்று முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. தினமும் டப்பாவில் வாங்குகிறவள் நான். அலமாரியை நகர்த்தினால் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம், ரோமம் முளைத்தாற்போல. குளியலறைச் சாக்கடையிலிருந்து வெள்ளைப் புழுக்கள் வரிசையாகத் தரையில் ஏறிக்கொண்டிருந்தன. ரசீது அவற்றின் மேல் வெந்நீரை ஊற்றிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல என்னை உட்காரச் சொன்னாள்.

குழந்தை கட்டிலில் தலையணைகளை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தது. படுத்தால் மூச்சு வரவில்லையாம். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது. பக்கத்தில் ஆவி பிடிக்கிற மெஷின். முன்பு எப்போதாவது எடுக்கிறது, இப்போது உள்ளே வைக்கவே நேரமில்லை என்றாள் ரசீது.

"முன்னாடி இருந்தவங்க ஏன் போனாங்கன்னு ஒங்க அத்தான்கிட்ட கேட்டேங்கா. வேலை மாத்தல்னாரு. அவங்களுக்கு முன்னாடி இருந்தவங்களுக்கும் மாத்தல்தானாம்."

அங்கேயே வாசலுக்கு வந்து அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அத்தான் அந்த வீட்டுக்கு ஒரு செல்லப் பெயர் வைத்திருக்கிறார்: 'கறவை'. அதில் யாரும் நிலைத்து இருக்கமாட்டார்கள். ஓர் ஆள் போய் இன்னோர் ஆள் வரும்போதெல்லாம் இவருக்குத் தரகு. நல்ல வீட்டைக் காட்டினால் குடிவந்தவன் அங்கேயே கிடந்து பிள்ளைகளுக்குக் கல்யாணமும் செய்துவிடுவான். அதில் இவருக்கு என்ன லாபம்? சீ, என்ன பிழைப்பு இது!

ரசீதிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "அப்ப அந்த மாடி காலியாத்தான் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. அதை எப்படியாவது வாங்கிக் கொடுத்துவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

அன்று சாயங்காலமே திரும்பப் போனேன். அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே பேசினேன். "மாடிய ரசீதுக்குக் குடுங்க. உண்மையாவே குடுங்க."

"குடுக்கலாம், குடுக்கலாம். ஒக்காரு மச்சினி" என்றார் வாயில் சோற்றோடு. ஒரு பருக்கை பறந்து வந்து என் கையில் ஒட்டியது. "குடித்தனக்காரங்களப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்? வரும்போது பூன மாதிரி வருவாங்க. வந்த மறுநாள் செவுத்துல ஆணி அடிப்பாங்க. காலி பண்ணச் சொன்னா சட்டம் பேசுவாங்க. நான் எத்தன பேரப் பாத்திருக்கேன்."

"நீங்க எத்தன பேரக் கறந்திருக்கீங்கன்னும் எனக்குத் தெரியும்."

அக்கா நடுவில் வந்தாள். "தலைக்கு மேல எந்நேரமும் நடந்துக்கிட்டே இருப்பாங்கடி. எனக்குத் தல வலிக்கும். நம்ம பொண்ணு திடீர்னு வந்து நின்னா எங்க தங்குவா?"

"அவ வீடு வாங்கினப்ப ஒன்ன ஒரு வார்த்த கேட்டாளா? வந்தா ஓட்டல்ல தங்குவா, நீ கவலப்படாதே" என்றேன். அக்காவுக்குச் சுருக்கென்றது. வேண்டுமென்றேதான் சொன்னேன். "வீடு ஒன் பேர்லதானே இருக்கு? நம்மப்பா குடுத்த மனைதானே? அந்தக் கொழந்த ஒக்காந்துக்கிட்டே தூங்குது. இங்க ரெண்டு ரூம நீ யாருக்காகத் தொடச்சு வைக்கிறே?"

நான் அத்தான் பக்கம் திரும்பினேன். "குடுக்கலேன்னா, லீவு நாள்லாம் அந்தத் தகரப் பலகைக்குக் கீழ ஒரு நாற்காலி போட்டு ஒக்காருவேன். வர்றவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் கறவையப் பத்திச் சொல்லி அனுப்புவேன்."

அத்தான் கை கழுவிவிட்டு வந்து, சாவிக் கொத்தை எடுத்து நிதானமாகப் பல்லைக் குத்தினார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஏதோ கணக்குப் போடுகிறவர் மாதிரி மாடிப் படியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு ஒங்க லேப்ல வாசல்ல ஒக்கார்ற பொண்ணுதானே? நல்லாப் பேசுவாளா?"

"அவ பேச்சுக்குப் பயந்தே எங்கிட்ட கை நீட்டறாங்க."

"கொழந்தையும் பாக்க லட்சணமா இருக்கு" என்றார். பிறகு அக்காவிடம் திரும்பி, "என்ன சொல்றே? மேல ஒரு குடும்பம் இருந்தா வீட்டுக்கே ஒரு களை வந்துரும்ல?" என்று கேட்டார்.

அக்கா சட்டென்று நிமிர்ந்தாள். "குடுத்துடலாங்க. எனக்கும் அந்தப் பேச்சப் பேசிப் பேசி வாய் புளிச்சுப்போச்சு" என்றாள். அவளை நினைத்து எனக்கு அன்றைக்குத்தான் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அத்தானைக்கூட ஒருவேளை அவ்வளவு மோசமாக நினைத்திருக்க வேண்டாமோ என்று தோன்றியது. எனக்கும் புத்தி மழுங்குகிற நாட்கள் உண்டு.

அந்த வாரமே ரசீது மாடிக்கு வந்துவிட்டாள். பொருட்களில் பாதியைத் தெருவிலேயே போட்டுவிட்டு வந்தாள். அவற்றிலிருந்து ஈர வாடை போகவில்லை. சில நாளில் ஆவி மெஷின் கட்டிலுக்கடியில் போனது. வேலைக்கு வரும்போது அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருமை குறைந்தது. குழந்தை படுத்துத் தூங்குகிறது என்று ஏதோ பரீட்சையில் முதலாவதாக வந்த செய்தியைப் போல எல்லாரிடமும் சொன்னாள். நானும் மார்தட்டிக்கொள்ளாத குறையாக நடந்துகொண்டிருந்தேன்.

கொஞ்ச காலம் கழித்து ஒரு விடுமுறை நாளில் அவள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். கேட்டில் தகரப் பலகை புதிதாகப் பெயின்ட் அடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கால் நின்றது. அக்கா வாசலில் உட்கார்ந்து நிம்மதியாகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பலக ஏன் இன்னும் தொங்குது?"

"அதெல்லாம் அவரு வேல. எனக்கு இப்ப ஒரு பேச்சும் பேச வேண்டியதில்லடி. வயிறு லேசா இருக்கு" என்று சொல்லி, அத்தானின் வெள்ளைச் சட்டையை உதறி மடித்தாள்.

மேலே குழந்தை திறந்த மாடியில் கயிறு தாண்டிக்கொண்டிருந்தது. தாண்டிவிட்டு வந்து மூச்சு வாங்காமல் என்னோடு பேசியது. ரசீது சமையலறையில் இருந்தாள். நான் உட்கார்ந்து தண்ணீர்கூடக் குடித்திருக்கமாட்டேன், கதவு தானாகத் திறந்தது. தட்டவில்லை, கூப்பிடவில்லை. தன் கொத்திலிருந்த சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு அத்தான் நின்றார். பின்னால் இளம் தம்பதி. பெண்ணின் தோளில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"வாங்க வாங்க, நம்ம வீடுன்னு நெனச்சுக்கங்க" என்றார் அத்தான். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினார். பிறகு அந்தத் தயக்கத்தையும் விழுங்கிவிட்டார்.

ரசீது கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை. நேராக அந்தப் பெண்ணிடம் போனாள். "சுத்திப் பாருங்கம்மா, கூச்சப்படாதீங்க. நாங்க அடுத்த மாசம் காலி பண்றோம். மனசே இல்லாமதான் போறோம், என்ன பண்றது? எம் பொண்ணுக்கு மூச்சிரைப்பு இருந்துச்சு. இந்த வீட்டுக்கு வந்த பெறகுதான் சரியாச்சு. கைக்கொழந்தைக்கு இத விட நல்ல வீடு கெடைக்காது" என்றாள்.

வாசல் மேஜையில் உட்கார்ந்து ஊசிக்குப் பயப்படுகிறவர்களிடம் பேசுகிற அதே குரல். அக்கா பேசியதெல்லாம் இதன் பக்கத்தில் நிற்காது. அந்தப் பெண் கண் கலங்கிவிட்டாள். கணவனின் சட்டைக் கையைப் பிடித்து, "இதையே முடிச்சுடலாங்க" என்றாள்.

"முடிச்சுடலாம்" என்றார் அத்தான். "ஆனா இவங்க காலி பண்ண இன்னும் ஒரு மாசம் ஆகுமே. நீங்க ஒடனே வேணும்னு சொன்னீங்க. ஒண்ணு பண்ணலாம். பக்கத்துலயே ஒரு வீடு காலியா இருக்கு. அதுவரைக்கும் அதுல இருங்க. இது காலியான ஒடனே நானே ஆள் வச்சு ஒங்க சாமான மாத்தித் தர்றேன்."

என்ன முன்னேற்றம்! முன்பெல்லாம் ஆசையைக் காட்டிப் பறித்துக்கொண்டு அனுப்புவார். இப்போது ஆசையையும் கையில் கொடுத்தே கறவைக்குள் தள்ளுகிறார். வருகிறவர்கள் நாளை எண்ணிக்கொண்டு அந்தச் சுவரோடு பொறுத்துக் கிடப்பார்கள். ஒரு மாசம் இன்னொரு மாசமாகும். போகப்போகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டே ஓடுவார்கள். இந்த மாடி மட்டும் எப்போதும் அடுத்த மாசம் காலியாகும்.

அவர்கள் இறங்கியதும் ரசீதின் கையைப் பிடித்துத் திருப்பினேன்.

"எந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறாருன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நீ வெந்நீர் ஊத்தின புழு இன்னும் அங்கதான் இருக்கும். தோள்ல கெடக்கறது பச்சப் புள்ளடி!"

"வந்த அன்னைக்கே சொல்லிட்டாருக்கா. பேசினா இரு, பேசலேன்னா காலி பண்ணுன்னு. நான் எங்க போவேன்? ஒங்க விடுதிக்கா?" அவள் குரல் உயரவில்லை. "எம் பொண்ணு படுத்துத் தூங்கறா. அதுக்கு மேல என்ன ஒண்ணும் கேக்காதீங்க. சாப்பாடு ஆறுது."

அவள் வைத்திருந்த தட்டைத் தாண்டிப் படியில் இறங்கி ஓடினேன். சொல்லிவிடுவது என்றுதான் ஓடினேன். அத்தான், அக்கா, அவர்களுடைய தகரப் பலகை எல்லாவற்றையும் அந்தக் கேட்டிலேயே கிழித்து நாறடித்துவிட வேண்டும் என்று நாக்கு துடித்தது. அக்கா துணி மடிப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான் முந்திக்கொண்டார். "இவ என் மச்சினி. ரத்த டெஸ்ட் எடுக்கற எடத்துல வேல. பொய் பேசத் தெரியாது. மேல இருக்கற பொண்ணுக்கு இந்த வீட்டச் சண்ட போட்டு வாங்கிக் குடுத்ததே இவதான். நீங்களே கேட்டுக்கங்க" என்றார். எனக்குப் பின்னால், படியின் பாதியில் ரசீது வந்து நின்றிருந்தாள். மேலே கயிறு தரையில் அடிக்கும் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் என்னிடம் வந்தாள். "அந்த இன்னொரு வீடு எப்படிங்க இருக்கும்? நீங்க பாத்திருக்கீங்களா? கைக்கொழந்தைய வச்சிருக்கேன், அதான் கேக்கறேன்."

நான் அந்தக் குழந்தையைப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்து, அம்மாவின் தோளில் எச்சில் வழியத் தூங்கிக்கொண்டிருந்தது. திரும்பி ரசீதைப் பார்த்தேன். அவள் கையெடுத்துக் கும்பிடவில்லை, தலையசைக்கவில்லை, வெறுமனே நின்றாள்.

"ஒரு மாசந்தானே" என்றேன்.

அத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தார். இத்தனை வருடத்தில் அவர் என்னைப் பார்த்து அத்தனை பிரியமாகச் சிரித்ததில்லை. கேட்டைத் திறந்துவிட்டு, வழி சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தார். அந்தப் பெண் குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு, "ரொம்ப நன்றிக்கா" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவர் பின்னால் போனாள்.